ஸ்காபரோ கோல்ப் திடலிலும் கோண்டாவில் முற்றத்திலும் கோடை முடிவதை ஒளிப்படத்தில் கண்டுகொள்வது எப்படி?

கோண்டாவில்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் சித்தப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் கோல்ப் விளையாடப் பழகிக்கொண்டார். வீட்டுக்கு அருகிலுள்ள டாம் ஓஷான்டர் மாநகரசபைத் திடலுக்குக் காலையிலேயே போய்விடுவார். போகும் நாட்களில் எல்லாம், காலை ஏழரை மணி அளவில் ஏதாவதொரு குழிக்கருகில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து எங்கள் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். எனக்கு அந்த விளையாட்டின் அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் படங்களை ஒன்றுவிடாமல் சேமித்து வைத்திருக்கிறேன். நானும் பதிலுக்கு யாழ்ப்பாணம் கோண்டாவிலிலுள்ள எங்கள் முற்றத்தையும் ஒழுங்கையையும் எடுத்து அனுப்புவதுண்டு.

செப்ரெம்பர் இரண்டாம் வாரத்தில் வந்த படத்தின் கீழ், "கோடை முடிஞ்சுது, பார்த்தியா?" என்று எழுதியிருந்தார். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு எதுவும் புலப்படவில்லை. மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. வானம் நீலமாகவே இருக்கிறது. புல்லோ ஜூலை மாதப் படங்களில் இருந்ததைவிடச் செழிப்பாகத் தெரிகிறது. விளக்கம் கேட்டால், "வடிவாய்ப் பார், தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

என் கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. கோல்ப் திடல் ஒன்றின் சாதாரணப் படத்தில், இலைகள் நிறம் மாறுவதற்கு முன்னரே, கோடை முடிந்துவிட்டது என்று ஒருவர் எதைப் பார்த்துச் சொல்லக்கூடும்? அதேபோல, யாழ்ப்பாணத்தில் மழை இறங்கும் முன்னர் கோடையின் முடிவு ஒரு படத்தில் பதியுமா, அல்லது எங்களுக்கு முதல் மழை மட்டும்தான் அடையாளமா? இரண்டு ஊர்ப் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, சித்தப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஓர் அல்பம் அச்சிட நினைக்கிறேன். ஆகவேதான் இதைச் சற்று நுணுக்கமாகக் கேட்கிறேன்.

கடைசிக்குழி (ஸ்காபரோ)

தம்பி, உங்கள் சித்தப்பா விளையாடும் அதே திடலில் நானும் விளையாடுகிறவன் என்பதால், படத்தைப் பார்க்காமலே அதில் என்ன இருந்திருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் குழியைச் சுற்றியுள்ள, மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரையைப் பாருங்கள்; அதைத்தான் நாங்கள் கிறீன் என்கிறோம். செப்ரெம்பர் காலையில் அந்தத் தரை பச்சையாக இராது, வெள்ளி பூசியதுபோல் சாம்பல் படிந்திருக்கும். அது பனிநீர். இரவு நீண்டு, வானமும் தெளிந்திருக்கும்போது தரை தன் வெப்பத்தை வேகமாக இழந்து குளிர்கிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் புல்நுனிகளில் துளியாகப் படிகிறது. ஜூலையிலும் பனிநீர் விழுவதுண்டு என்றாலும், இரவு குறுகியது. சூரியனும் நேரத்துக்கே எழுந்துவிடுவதால், ஏழரை மணிக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். செப்ரெம்பரில் அந்த ஈரத்தின் மீது பந்தை உருட்டினால், பந்து போன பாதை முழுவதும் ஒரு கரும்பச்சைக் கோடாகப் பதிந்திருக்கும். தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, பந்து எந்த இடத்தில் வேகம் குறைந்து வளையத் தொடங்கியது, குழியின் விளிம்பை எவ்வளவு நெருங்கித் தப்பியது என்பதெல்லாம் அந்தக் கோட்டிலேயே தெரியும். முன்னால் விளையாடியவரின் கோட்டைப் பார்த்துவிட்டு நாம் அடிப்பது நியாயமா என்று எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டையும் உண்டு. உங்கள் படத்தில் அப்படியொரு கோடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது கொடியின் நிழல். குழியில் நடப்படும் கொடிக்கம்பம் குறைந்தது 7 அடி உயரம் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஜூலை நடுவில் ஏழரை மணிக்குச் சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். செப்ரெம்பர் இரண்டாம் வாரத்தில் அதே ஏழரைக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடமே ஆகியிருக்கும். ஜூலையில் கிறீனுக்குள்ளேயே அடங்கிக் கிடந்த நிழல், செப்ரெம்பரில் கிறீனைக் கடந்து அதற்கப்பாலுள்ள மணற்குழி வரை நீண்டிருக்கும்.

புல் செழிப்பாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் நீங்கள் தேடிய விடை. இங்கே திடல்களில் வளர்ப்பவை குளிர்விரும்பிப் புல்வகைகள். ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் அவை சோர்ந்து, நீர் போதாத ஓரங்களில் வைக்கோல் நிறமாகிவிடும். இரவு குளிரத் தொடங்கியதும் மறுபடி தளிர்க்கும். ஆகவே ஒன்ராரியோவில் கோடையின் முடிவு முதலில் பச்சையாகத்தான் வரும், மஞ்சள் பின்னால்தான்.

இன்னொன்று, கிறீன் முழுவதும் விரல் தடிப்பில் வரிசை வரிசையாகத் துளைகளும் அவற்றின் மேல் மணலும் தெரிகின்றனவா? பலரது பாதம் பட்டு இறுகிய மண்ணுக்குக் காற்றும் நீரும் போகட்டும் என்று, புல் இன்னும் வளரும் தெம்போடு இருக்கும் ஓகஸ்ட் இறுதியிலோ செப்ரெம்பரிலோ தரையைத் துளையிட்டு மண்ணுருளைகளை எடுத்து, மணலை நிரப்புவார்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குப் பந்து துள்ளித் துள்ளிப் போகும். விளையாடுபவர்கள் எல்லாரும் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டாலே எங்களுக்குக் கோடை முடிந்ததாகக் கணக்கு.

படத்தில் வராத அடையாளங்களும் உண்டு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, பந்தும் இறுகிவிடுகிறது. ஆகவே ஜூனில் அடித்த அதே அடிக்குப் பந்து சில யார் (கெஜ) தூரம் குறைவாகப் போகும், ஈரத்தரையில் விழுந்தபின் உருளவும் மாட்டாது. ஜூன் முடிவில் இரவு ஒன்பது மணி கடந்து மறையும் சூரியன், செப்ரெம்பர் 22 அளவில் ஏழேகாலுக்கே மறைந்துவிடும் என்பதால், மாலை ஐந்து மணிக்குத் தொடங்குபவர்கள் முழு ஆட்டத்தின் பதினெட்டுக் குழிகளை மறந்து ஒன்பதோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

சாவகச்சேரி ஆசிரியர் (ஓய்வு)

முதற்பகுதிக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது. இரண்டாம் பகுதியைப் பற்றி, நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஸ்காபரோ அடங்கிய ரொறன்ரோ ஏறத்தாழ 43 பாகை 40 கலையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டால், அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறரை மணி நேர வித்தியாசம் உண்டு. இங்கே அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். செப்ரெம்பர் இறுதியில் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடப் பகல் குறைகிறது, இங்கே அரை நிமிட அளவில்தான் குறைகிறது. ஆகவே நிழலின் நீளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் யாழ்ப்பாணத்தில் எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். இங்கே பார்க்கவேண்டியது நிழலின் திசையை.

ஏப்ரில் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது. அதன்பிறகு வடக்கே சென்று, ஓகஸ்ட் 28 அளவில் மீண்டும் எங்கள் தலைக்கு நேராக வந்து தெற்கே இறங்குகிறது. இந்த இடைப்பட்ட நான்கரை மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். ஓகஸ்ட் 28ஐ ஒட்டிய ஓரிரு நாட்களில், நண்பகல் 12.10 அளவில், நேராக நிற்கும் தூணுக்கு நிழலே இராது. அதற்கடுத்த நாட்களில் நிழல் வடக்குப் பக்கம் தலைகாட்டத் தொடங்கி, அடுத்த சித்திரை வரை அங்கேயே விழும். ரொறன்ரோவில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும். அங்கே அது நீளலாம், குறுகலாம், ஆனால் ஒருபோதும் பக்கம் மாறாது. இந்தப் பக்கமாற்றம் எங்களைப்போல வெப்பவலயத்தில் வாழ்பவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அல்பத்தில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சோடிப் படம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் 6 அடி உயரக் கம்பொன்றை, நூல்குண்டு கட்டிச் செங்குத்தாக நட்டுவைத்து, நண்பகலில் படம் எடுத்துப் பாருங்கள். ஜூன் 21 அளவில் நிழல் தெற்கே ஒன்றரை அடி இருந்திருக்கும். செப்ரெம்பர் 22 அளவில் வடக்கே ஓர் அடி இருக்கும். ஒக்ரோபர் நடுவில் இரண்டடியாகும். டிசம்பர் 21 அளவில் நான்கடியை எட்டும். செப்ரெம்பர் 22 அன்று உங்கள் சித்தப்பாவின் 7 அடிக் கொடிக்கம்பத்துக்கு நண்பகல் நிழல் ஏறத்தாழ ஆறே முக்கால் அடி, அதாவது கம்பத்தின் உயரத்தையே நெருங்கியதாக இருக்கும். ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களில், அங்கே கம்பத்தின் உயரம் நிழல், இங்கே ஓர் அடி நிழல்.

நல்லூர்த் திருவிழாவின் கடைசி நாட்கள் பல ஆண்டுகளில் இந்த ஓகஸ்ட் இறுதியை ஒட்டியே வருகின்றன. தேர், தீர்த்தம் முடிந்ததும் கோடை முடிந்தது என்று பழைய ஆட்கள் பேசிக்கொள்வதில் வானியலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தோட்டக்காரன் (புன்னாலைக்கட்டுவன்)

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் ஓகஸ்ட் 28இல் கோடை முடிந்துவிட்டது என்று எங்கள் பக்கத்து விவசாயி எவரிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஆவணியும் புரட்டாதியும்தான் எங்களுக்குக் கடுமையான காலம். கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்குவதும், இறைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டி வருவதும் அப்போதுதான். ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,200 மிலிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான் விழுகிறது என்றால், அதுவரை கோடைதானே?

ஆனாலும் படத்துக்கு அடையாளம் வேண்டும் என்றால் கிணற்றை எடுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. நீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும்போது, அது விட்டுப்போன மட்டங்கள் கற்சுவரில் வெண்கோடுகளாகப் படிந்திருக்கும். பங்குனி மட்டம், வைகாசி மட்டம், ஆடி மட்டம் என்று மேலிருந்து கீழாக வாசிக்கலாம். கடைசிக் கோட்டுக்குக் கீழே நீர் இறங்காமல் நின்றுவிட்டது என்று கண்ட வாரம்தான் என் கணக்கில் கோடையின் முடிவு. குனிந்து எடுக்கும்போது கைத்தொலைபேசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை உங்களுக்கே தெரிந்தவை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுந்து முடிய, புரட்டாதியில் பனங்கொட்டைகளைச் சேர்த்துக் கிழங்குப் பாத்தி போடுவார்கள். தென்மராட்சி வயல்களில் ஈரமே இல்லாத மண்ணை உழுது, மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்வதும் அதே காலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தணிந்துவிட்டதா என்று பார்க்க, தெருவோரத்து வாழையைப் பாருங்கள். சோளகத்தில் கிழிந்து நாரான பழைய இலைகளுக்கு மேலே, கிழியாத புதிய இலை ஒன்று முழுதாக விரிந்து நின்றால் காற்று ஓய்ந்துவிட்டது என்று பொருள். வாடைக்காற்று வர இன்னும் நாள் இருக்கும். இடையில் மாலை இடிமுழக்கம்தான்.

கமராக்காரன் (யாழ் நகரம்)

இத்தனை அடையாளங்களும் இருந்தும் கேள்வி கேட்டவரின் படங்களில் எதுவும் தெரியாமல் போனதற்குக் கைத்தொலைபேசியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இன்றைய கைத்தொலைபேசிகள் ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போதே, ஒளியின் நிறத்தை வெண்மைக்குச் சரிசெய்து, நிழலை வெளிச்சமாக்கி, வானத்தை நீலமாக்கித்தான் சேமிக்கின்றன. பருவம் மாறும்போது ஒளியில் நிகழும் மெல்லிய மாற்றத்தைத்தான் அவை குறை என்று கருதித் துடைத்துவிடுகின்றன. ஆகவே இருவரும் கைமுறை அமைப்புக்குப் போய், ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையை 5,500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். அது நண்பகல் ஒளிக்கு ஏற்ற அளவு. காலையில் படம் சற்று மஞ்சளாக வரும். வரட்டும், அந்த மஞ்சள்தானே நமக்கு வேண்டும். கைமுறை அமைப்பு இல்லாத கைத்தொலைபேசியில், திரையில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும், அந்த அளவாவது மிஞ்சும்.

அதைவிட முக்கியமானது, நிற்கும் இடம். ஒவ்வொரு நாளும் அழகான கோணத்தைத் தேடுகிறவருக்கு நல்ல படங்கள் கிடைக்கும், பருவம் கிடைக்காது. சித்தப்பாவிடம் ஒரே குழி, ஒரே அடையாளக் கல், ஒரே நேரம் என்று கேளுங்கள். நீங்களும் முற்றத்தில் ஒரு செங்கல்லைப் பதித்து அதன்மேல் நின்று எடுங்கள்.

ஆசிரியரின் நண்பகல் யோசனையில் எனக்கு ஒரு சிறு முரண்பாடு உண்டு. அறிவுக்கு அது சிறந்த படம், கண்ணுக்கு மந்தமான படம். உச்சி வெயிலில் எந்த முற்றமும் அழகாக இருப்பதில்லை. அதற்கு ஈடாகப் பண்ணைப் பாலத்தில் ஒரு தொடர் எடுக்கலாம். மேற்கு நோக்கி ஒரே இடத்தில் நின்று எடுத்தால், ஜூனில் படச்சட்டத்தின் வலப்பக்கம் மறையும் சூரியன் செப்ரெம்பர் 22 அளவில் சரியாக நேர்மேற்கில் மறையும். டிசம்பரில் இடப்பக்கம் போய்விடும். இந்த அரையாண்டில் அது நகரும் கோணம் ஏறத்தாழ 47 பாகை. கைத்தொலைபேசியின் சாதாரண வில்லைக்குள் இது முழுவதும் அடங்கும். மறையும் நேரமும் மாறும்: ஜூலை நடுவில் மாலை 6.35 அளவில் மறைவது, நவம்பர் நடுவில் 5.45 அளவில் மறையும். சூரியாஸ்தமனத்தின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். அது பருவத்தைவிட அன்றைய முகிலையும் தூசியையுமே அதிகம் பேசும்.

கோண்டாவில்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. பழைய படங்களை மீண்டும் திறந்து பார்த்தேன். கடைசிக்குழி அண்ணா சொன்ன கரும்பச்சைக் கோடு அந்தச் செப்ரெம்பர்ப் படத்தில் தெளிவாக இருக்கிறது: குழிக்கு ஒரு சாண் முன்னால் இடப்பக்கம் வளைந்து, விளிம்பைத் தொடாமல் போயிருக்கிறது. சித்தப்பா தன் பந்து குழிக்குள் விழவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பனிநீர் சொல்லிவிட்டது. கொடியின் நிழலும் படத்தின் ஓரம் வரை நீண்டிருக்கிறது.

தோட்டக்கார அண்ணாவின் கிணற்றுப் படத்தையும் ஆசிரியர் ஐயாவின் நிழல் படத்தையும் நிச்சயம் சேர்க்கிறேன். யாருடைய திகதியில் கோடை முடிகிறது என்ற வழக்கை அல்பத்தில் தீர்க்கப் போவதில்லை. இரண்டு பக்கங்களிலும் இரண்டு திகதிகளையும் போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சித்தப்பா ஏழரை மணிப் படத்தை இதே இடத்திலிருந்து தொடர்ந்து அனுப்பினால், அது எந்த மாதம் வரை சாத்தியம்? உறைபனி தொடங்கினாலும் காலையில் விளையாட விடுவார்களா?

கடைசிக்குழி (ஸ்காபரோ)

உறைபனி விழுந்த காலைகளில் உடனே விட மாட்டார்கள். உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்கள் உடைந்து, பாதம் பட்ட இடமெல்லாம் பழுப்பு அச்சாகக் கருகி நிற்கும் என்பதால், வெயில் ஏறிப் பனி உருகும் வரை எல்லாரையும் வாசலிலேயே காத்திருக்கச் செய்வார்கள். ஒக்ரோபரில் அப்படிச் சில நாட்கள் வரும். அந்த மாதத்தில் உதிர்ந்த இலைகளுக்குள் பந்து ஒளிந்துகொள்வதும் பெரிய தொல்லை. 2019இல் விதிகள் மாறியபின் பந்தைத் தேட 5 நிமிடத்துக்குப் பதிலாக 3 நிமிடமே உண்டு. இலைகளை விலக்கத் தடையில்லை, மணற்குழிக்குள்கூட விலக்கலாம். ஆனால் கிறீனுக்கு வெளியே விலக்கும்போது பந்து அசைந்துவிட்டால், பந்தை ஒருமுறை கூடுதலாக அடித்ததாகக் கணக்கிட்டுத் தண்டம் விதிப்பார்கள்.

ஏழரை மணித் தொடரை ஒக்ரோபர் இறுதிக்கு அப்பால் கொண்டுபோக முடியாது. அப்போது சூரியன் 7.45க்குப் பிறகே உதிக்கும், அதனால் ஏழரைக்கு நிழலே இராது. நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள்; அதன்பின் உங்களுக்கும் எங்களுக்கும் இடையிலான ஒன்பதரை மணி நேர வித்தியாசம் பத்தரையாகிவிடும், உங்கள் ஒப்பீட்டு நேரங்களும் குழம்பும். ஆகவே இப்போதிருந்தே நண்பகல் படம் ஒன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். செப்ரெம்பர் நடுவில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பிற்பகல் 1.13 அளவில், கடிகாரம் மாறியபின் நவம்பர் தொடக்கத்தில் அது 12 மணிக்கே வந்துவிடும். படம் உங்களுக்கு இரவு பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் வந்து சேரும்; திடலை மூடும் நாள் வரை அந்தத் தொடர் அறுபடாது.